ஐந்து வோல்ட் எங்கே போகிறது

பிபிசி மைக்ரோவை ஆன் செய்தால் இரண்டு சத்தம் வர வேண்டும். முதலில் தாழ்ந்த குரலில் ஒரு ‘பூ’, அடுத்து குட்டியாக ஒரு ‘பீப்’. இரண்டாவது வராமல் முதல் சத்தமே நீண்டுகொண்டு போனால், உள்ளே இருக்கும் 6502 சிப் எழுந்து வேலையைத் தொடங்கவில்லை என்று பொருள். அதைக் கேட்டதும் எல்லோருடைய கையும் சிப்பைத் தேடித்தான் போகும். அதிலும் அண்மையில் எதைப் புதிதாகச் செருகினோமோ அதன்மேல்தான் முதல் பழி. நான் மல்டிமீட்டரை எடுப்பேன். நாற்பது வருஷம் தாண்டிய மெஷினில் வேறு எதைச் சந்தேகிக்கும் முன்பும் கரண்ட்டைச் சந்தேகிப்பது பழக்கமாகிவிட்டது.

*

இந்த மெஷின்கள் நம் ஊர்ப் பக்கம் வந்த கதை சிறியதுதான். கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் 1981 கடைசியில் பிபிசிக்காகச் செய்த கம்ப்யூட்டர் இது. 1984இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடத்தைச் சோதனையாகத் தொடங்கியபோது, முதல் சுற்றில் ஏறக்குறைய 250 பள்ளிகளுக்கு இதைத்தான் கொடுத்தார்கள். பிறகு மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான எஸ்சிஎல், ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இதையே இங்கே செய்தது. 1989இல் அந்த ஆலை தீக்கிரையானது. இந்திய சிப் தொழிலின் வரலாற்றில் அது தனி அத்தியாயம், இங்கே வேண்டாம்.

கிளாஸ் திட்டம் தொடங்கியபோது எங்கள் ஊரான சித்தையன்கோட்டை மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பரில். என் மேசையில் இருக்கும் பிபிசி, ஏதோ ஒரு பள்ளி ஏலத்தில் விட்ட சாமான்களோடு பழைய இரும்புக்கடைக்கு வந்து, அங்கிருந்து என்னிடம் வந்தது. பக்கத்தில் இருப்பது ஸ்பெக்ட்ரம்+. புனேயில் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் 1980களின் பிற்பகுதியில் விற்ற இந்திய அவதாரம். இரண்டும் பிறந்த கோலத்தில் இல்லை. பிபிசியில் பிளாப்பி டிரைவ் போய் யூஎஸ்பி குச்சி செருகும் கோடெக் பெட்டி வந்துவிட்டது. அடியில் இருக்கும் டியூப் சாக்கெட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை தொங்குகிறது. ஸ்பெக்ட்ரத்தின் பின்னால் கேசட்டுக்குப் பதிலாக எஸ்டி கார்டு. பழைய உடம்பில் புது உறுப்புகள். எல்லாம் ஒரே ஐந்து வோல்ட்டில்தான் ஓட வேண்டும்.

*

சாயங்காலத்தில் எங்கள் ஊரில் கரண்ட் இறங்கும். போவது வேறு, இறங்குவது வேறு. 2012இல் சென்னையைத் தவிர மற்ற ஊர்களெல்லாம் நாளில் பாதி நேரம் இருட்டில் கிடந்தபோது போவதைப் பார்த்தோம். அதற்கு ஒரு நேர்மை இருந்தது. இல்லை என்றால் இல்லை. இறங்கும் கரண்ட் அப்படியில்லை. ஃபேன் சுற்றும், ஆனால் இறக்கையை எண்ணலாம். ஸ்டெபிலைசர் ‘டக், டக்’ என்று ரிலே மாற்றிக்கொண்டே இருக்கும். டியூப் லைட் எரியலாமா வேண்டாமா என்று யோசிக்கும்.

காரணம் ஊருக்கே தெரியும். செம்பட்டியிலிருந்து உள்ளே திரும்பினால் சாலையின் இரண்டு பக்கமும் நெல்லும் தென்னையும். காமராஜர் அணைத் தண்ணீரும் குடகனாறும் எட்டாத இடத்தில் கிணறும் போரும். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பச்சை அதனால்தான் நிற்கிறது. மும்முனைக் கரண்ட் வந்ததும் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும். கம்பியின் கடைசியில் இருக்கிற வீடுகளில் பல்பு சிவக்கும். இதற்கும் என் மேசையில் இருக்கும் ஸ்பெக்ட்ரத்துக்கும் நேரடியான கணக்கு ஒன்று உண்டு.

*

கணக்கு இது. ஸ்பெக்ட்ரத்தின் அடாப்டர் ஒரு சாதாரண டிரான்ஸ்பார்மர், டயோடுகள், ஒரு பெரிய கண்டென்சர். அவ்வளவுதான். 9 வோல்ட், 1.4 ஆம்பியர் என்று மேலே அச்சடித்திருக்கும். அது ரெகுலேட் செய்யப்படாத 9 வோல்ட். சுமை இல்லாமல் தொட்டுப் பார்த்தால் 12, 13 கூடக் காட்டும். அடாப்டர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அதை ஐந்தாக்குவது மெஷினுக்குள் இருக்கும் 7805 என்ற மூன்றுகால் ரெகுலேட்டர். ஐந்தைக் கொடுக்க அதற்கு ஏழு வோல்ட்டாவது உள்ளே வர வேண்டும். மேலே வரும் மிச்சத்தையெல்லாம் அது சூடாக மாற்றி விரயம் செய்யும்.

வீட்டு மின்சாரம் 230 இருக்க வேண்டிய இடத்தில் 170 வந்தால் டிரான்ஸ்பார்மரும் அதே விகிதத்தில் குறைத்துத்தான் கொடுக்கும். ஒன்பது, ஆறே முக்காலுக்கும் கீழே போகிறது. ரெகுலேட்டருக்கு ஏழு வேண்டும். படத்தில் கீழிருந்து மேலே ஒரு கறுப்புப் பட்டை மெல்ல ஊர்ந்து போகும்; எழுத்துகள் நெளியும்; திடீரென்று மெஷின் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும். காலையில் ஒழுங்காக ஓடிய அதே மெஷின்.

நடுராத்திரியில் இதற்கு நேர் எதிர். மோட்டார்கள் நின்று, ஊர் தூங்கி, கம்பியில் 255 ஏறி நிற்கும். ஒன்பது பத்தாகும். முக்கால் ஆம்பியர் இழுக்கும் மெஷினில் ரெகுலேட்டர் 3 வாட் சூட்டுக்குப் பதில் 3.75 வாட் சூட்டைக் கக்க வேண்டும். சித்திரை மாதம், ஓட்டு வீடு, மூடிய பிளாஸ்டிக் பெட்டி. அதோடு எஸ்டி கார்டு இன்டர்ஃபேஸும் தன் பங்கை அதே 7805இலிருந்துதான் எடுக்கிறது. ஆங்கிலேயன் இங்கிலாந்துக் குளிருக்குப் போட்ட ஹீட்சிங்க் அது.

*

வோல்டேஜ் புகாருக்கு வந்த லைன்மேனிடம் என் மீட்டரில் 225 காட்டுவதைக் காண்பித்தேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இப்பப் பாத்து என்ன செய்ய சார்? மோட்டாரெல்லாம் எடுக்கட்டும். அப்பக் கடைசிப் போஸ்ட்டுல வச்சுப் பாருங்க. அதுதான் வோல்டேஜு.”

பவர் சப்ளை பற்றி நான் படித்த எந்த மேனுவலிலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

*

பிபிசியின் பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு ஐந்து வோல்ட் கொண்டுபோக மூன்று சிவப்பு வயர்கள், திரும்பி வர மூன்று கறுப்பு, மைனஸ் ஐந்துக்கு ஊதா நிறத்தில் ஒன்று. எல்லாமே தட்டையான பித்தளைக் காலில் செருகி நிற்பவை. நாற்பது வருஷத்தில் அந்தச் செருகலில் மெல்லிய களிம்பு படியும். பார்வைக்குத் தெரியாது. ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை அங்கே உண்டானால் போதும். அதன் வழியாக மூன்று ஆம்பியர் போகும்போது 0.3 வோல்ட் அங்கேயே நின்றுவிடும். பெட்டி வாயிலில் ஐந்து, போர்டில் 4.7. அந்தக் காலத்துச் சிப்புகளுக்குக் கீழ் எல்லை 4.75.

இந்த ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று கடைமடைக்காரர் கேட்கமாட்டார். என் வயல் மடையில் எவ்வளவு என்றுதான் கேட்பார். வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போது மதகை இன்னும் தூக்கினால் தலைமடை வயல் மூழ்கும், கடைமடை அப்படியே காயும். பவர் சப்ளையில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி 5.3 ஆக்கி “இப்ப ஓடுது பாருங்க” என்று சொல்கிற மெக்கானிக்குகள் செய்வது அதைத்தான். கடைசிச் சிப்புக்கு 4.9 கிடைத்திருக்கும்; முதல் வரிசைச் சிப்புகள் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கும். தூர் வார வேண்டும். அதாவது அந்தச் செருகிகளைக் கழற்றி, சுத்தம் செய்து, தளர்ந்ததை இறுக்க வேண்டும்.

எனவே நான் பார்க்கும் வரிசை தலைகீழ். மெஷினை ஓடவிட்டு, சேர்த்த எல்லாவற்றையும் செருகி வைத்து, மீட்டரின் கறுப்புக் காலையும் சிவப்புக் காலையும் சப்ளையிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சிப்பின் இரண்டு கால்களில் நேராக வைக்கிறேன். அங்கிருந்து பின்னோக்கி நடக்கிறேன். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் வோல்ட் காணாமல் போகிறதோ, அங்கே வேலை.

*

ஒரு எச்சரிக்கை. பிபிசியின் பவர் சப்ளை எஸ்எம்பிஎஸ் என்ற ஸ்விட்ச்சிங் வகை. அந்தப் பெட்டிக்குள் மெயின்ஸ் நேராக டயோடுக்குப் போய் ஒரு பெரிய கண்டென்சரில் ஏறக்குறைய 325 வோல்ட்டாக நிற்கிறது. பிளக்கை உருவிய பிறகும் அது அங்கே இருக்கலாம். மீட்டரில் பூஜ்யம் பார்க்காமல் விரல் உள்ளே போகக் கூடாது. இதை அறியாதவர்கள் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

*

பிபிசிக்காரர்கள் எல்லோருக்கும் ஒருநாள் புகை வரும். திடீரென்று வெண்புகை, மூக்கைத் துளைக்கும், வீட்டிலிருந்து இரண்டு நாள் போகாத ஒரு நாற்றம். குற்றவாளி மெயின்ஸ் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட வைத்த ரீஃபா கண்டென்சர். மஞ்சள் கலந்த கண்ணாடி போன்ற எபாக்ஸி மேலுறை. உள்ளே உலோகப் பூச்சுக் காகிதச் சுருள். வருஷக்கணக்கில் மேலுறையில் நுண்ணிய வெடிப்புகள் விழும், ஈரம் காகிதத்துக்குள் போகும், ஒருநாள் காகிதத்தால் தாங்க முடியாது.

வினோதம் என்னவென்றால், புகை அடங்கியதும் மெஷின் பெரும்பாலும் பழையபடி ஓடும். அந்தக் கண்டென்சர் ஐந்து வோல்ட் பாதையிலேயே இல்லை. பயந்துபோய் மெஷினையே குப்பையில் போட்டவர்களும் உண்டு, ஓடுகிறதே என்று அப்படியே விட்டவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. எக்ஸ்2 வகை என்று எழுதியிருக்கும் புதிய ஃபிலிம் கண்டென்சர் அதே மதிப்பில், 275 வோல்ட் ஏசிக்கு, வாங்கிப் போட வேண்டும். கடைக்காரர் ‘இதுவும் அதே மாதிரிதான்’ என்று நீட்டும் சாதாரண 400 வோல்ட் டிசி கண்டென்சர் அதே மாதிரி இல்லை. மெயின்ஸுக்குக் குறுக்கே உட்காருவதற்கென்று செய்தது தனி இனம்.

வெடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வெடிப்புக் கோடுகள் தெரிந்தாலே மாற்றிவிடலாம்.

*

சேர்த்ததெல்லாம் சுமை என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படியில்லை. பிபிசியின் அடியில் பிளாப்பி டிரைவுக்கென்று ஒரு சாக்கெட் உண்டு: 12 வோல்ட்டில் 1.25 ஆம்பியர், 5 வோல்ட்டில் 1.25 ஆம்பியர், மைனஸ் ஐந்தில் கொஞ்சம். பழைய டிரைவின் மோட்டார் சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் 12 வோல்ட் தள்ளாடும். கோடெக் பெட்டிக்கு மோட்டாரும் இல்லை, 12 வோல்ட்டும் தேவையில்லை. டிரைவைக் கழற்றி அதைப் போட்டால் பவர் சப்ளைக்கு விடுதலை.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில பழைய எஸ்எம்பிஎஸ்களுக்குக் குறைந்தபட்சச் சுமை வேண்டும். மேசையில் தனியாக வைத்துச் சுமையில்லாமல் ஆன் செய்தால் எழுந்து எழுந்து விழும், அல்லது வோல்டேஜ் கண்டபடி அலையும். அதைப் பார்த்து சப்ளை செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது பெரும் பாவம். கார் பல்பு ஒன்றையோ பெரிய வாட் ரெசிஸ்டர் ஒன்றையோ சுமையாகக் கட்டிய பிறகுதான் அளக்க வேண்டும். லைன்மேன் சொன்னது இங்கேயும்.

ராஸ்பெர்ரி பை வேறு ரகம். சராசரியில் சில நூறு மில்லி ஆம்பியர்; ஆனால் சீராக இழுக்காது, திடீர் திடீரென்று இழுக்கும். காய்ந்துபோன கண்டென்சர்கள் அந்த இழுப்பைத் தாங்கிக் கொடுக்காது. மீட்டர் சராசரியைத்தான் காட்டும், ‘ஐந்து இருக்கிறது’ என்று சாதிக்கும். மெஷின் ரீசெட் ஆகிக்கொண்டிருக்கும். மீட்டரும் மெஷினும் வேறு வேறு சொல்லும்போது நான் மெஷினை நம்புகிறேன்.

*

ஆசிலோஸ்கோப் இல்லாதவன் செய்யும் வேலைகள் சில. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே ஐந்து வோல்ட்டில் வைத்துப் பார்ப்பது. நல்ல மீட்டராக இருந்தால் டிசியை ஒதுக்கிவிட்டு அலையை மட்டும் காட்டும். சில மில்லி வோல்ட் என்றால் கவலையில்லை. நூறு இருநூறு என்றால் கண்டென்சர் காய்ந்துவிட்டது.

இன்னொன்று காது. மேசையில் கோடை பண்பலை பாடிக்கொண்டிருக்கும். அது எஃப்எம், எஸ்எம்பிஎஸ்ஸின் இரைச்சல் அதில் அவ்வளவாக ஏறாது. பழைய பாக்கெட் ரேடியோவில் மீடியம் வேவை மாற்றி, மதுரை வானொலியைக் கடந்து நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, பவர் சப்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒரு ரீங்காரம் கேட்கும். நல்ல சப்ளையில் அது ஒரே சுருதி. சுமை தாங்காத சப்ளையில் சுருதி விக்கும், அறுந்து அறுந்து வரும். இது அளவீடு இல்லை. ஆனால் எங்கே அளக்க வேண்டும் என்று சொல்லிவிடும். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தால் பையன்கள் வந்து, “மாமா, பாட்டே வரலயே, என்ன கேக்குறீங்க?” என்கிறார்கள்.

மூன்றாவது, சீரிஸ் லேம்ப். டிவி மெக்கானிக் ஒவ்வொருவரும் ஒரு பலகையில் ஹோல்டரும் பிளக்பாயிண்டும் அடித்து வைத்திருந்தார்கள். வருஷக்கணக்கில் கிடந்த மெஷினை நேராக மெயின்ஸில் போடாமல் ஒரு குண்டு பல்பின் வழியாகப் போடுவது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், மெஷின் தப்பிக்கும். சரியாக இருந்தால் ஒரு கணம் மின்னி அடங்கும். எஸ்எம்பிஎஸ் என்றால் பல்பு விட்டு விட்டு எரியலாம்; அதைக் கண்டு பதற வேண்டாம். எல்ஈடி பல்பில் இது நடக்காது. குண்டு பல்பு இப்போது கடையில் கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களிடம் இன்னும் இருக்கிறது.

*

எங்கள் ஊரில் வளைகுடாவுக்குப் போய்வந்த வீடுகள் ஏராளம். அந்தக் காலத்துப் பெட்டிகளில் டேப்ரெக்கார்டரோடு எப்போதாவது ஒரு கமடோர் 64 வந்திருக்கும். பரணில் ஒன்று கிடக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் சொல்வது: அதன் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். அந்தச் செங்கல் முழுக்க எபாக்ஸி ஊற்றி மூடியது. திறக்க முடியாது, சூடு வெளியேற வழியில்லை. உள்ளே ஐந்து வோல்ட் ரெகுலேட்டர் கெடும்போது பெரும்பாலும் வோல்டேஜைக் கூட்டிவிட்டே கெடுகிறது. முதலில் செத்துப்போவது மெமரி சிப்புகள். ‘ஓடுதான்னு சும்மா போட்டுப் பாத்தோம்’ என்கிற அந்தச் சும்மாவில் மெஷின் முடிந்துவிடும்.

ஸ்பெக்ட்ரத்திலும் மைனஸ் ஐந்து வோல்ட் இப்படியொரு ஆபத்து. கீழ் 16 கே மெமரியில் இருக்கும் 4116 சிப்புகளுக்கு மூன்று வோல்டேஜ் வேண்டும்: 12, 5, மைனஸ் 5. உள்ளே ஒரு காயிலும் இரண்டு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்து அவற்றை உண்டாக்குகின்றன. மைனஸ் ஐந்து நின்று மற்றவை தொடர்ந்தால் 4116 வெந்துபோகும். மெமரி சிப்பை மாற்றி மாற்றிப் போட்டு, மாற்றியதும் கெட்டுப்போகிறது என்றால், கேள்வி மெமரியைப் பற்றியதே இல்லை.

*

மாலையில் மட்டும் வரும் கோளாறை மாலையில்தான் பிடிக்க முடியும். இரண்டு மெஷின்களையும் ஓடவிட்டு, மீட்டரைப் பிபிசியின் கடைசிச் சிப்பில் மாட்டி, இன்னொரு மீட்டரைச் சுவர் பிளக்கில் போட்டுவிட்டு, எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் 228, 219, 204. சிப்பில் 5.02, 5.02, 5.01. மசூதியில் மஃரிப் பாங்கு முடிகிறது. தொலைவில் மோட்டார்கள் எடுக்கின்றன. 188. எஸ்எம்பிஎஸ் மெயின்ஸிலிருந்து கூடுதல் ஆம்பியர் இழுத்து ஈடுகட்டும். அதனால் பிபிசி அசையவில்லை. ஸ்பெக்ட்ரத்தின் படத்தில் மட்டும் அந்தப் பட்டை ஊரத் தொடங்குகிறது.

ஒன்றும் செய்யாமல் இருப்பது இந்த வேலையில் பெரும்பகுதி. கைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இருக்கும். சிப்பை அமுக்கிப் பார்க்கலாமா, வயரை ஆட்டிப் பார்க்கலாமா என்று. ஆட்டினால் கோளாறு போய்விடும், காரணம் தெரியாமலே. அது போனதாக ஆகாது. எங்கேயோ ஒளிந்திருக்கும்.

*

7805ஐக் கழற்றிவிட்டு அதே மூன்று கால் இடத்தில் உட்காரும் சிறு ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டரைப் போடலாம். சூடு கிட்டத்தட்ட இல்லை. ஆறரை வோல்ட் வந்தாலும் ஐந்தைக் கொடுக்கும் வகைகள் இருக்கின்றன. கடைமடை வீட்டு ஸ்பெக்ட்ரத்துக்கு இதைவிட உபயோகமான மேம்பாடு இல்லை, எஸ்டி கார்டு உட்பட. அசல் கெடுகிறதே என்று வருந்துகிறவர்கள் கழற்றிய 7805ஐயும் ஹீட்சிங்கையும் ஒரு கவரில் போட்டு, பெட்டிக்குள் வைக்கலாம்.

பிபிசிக்கு நான் அப்படிச் செய்யவில்லை. முழு சப்ளையையும் எடுத்துவிட்டுப் புதிய எஸ்எம்பிஎஸ் வைப்பது சுலபம்தான். ஆனால் இப்போது வரும் பெட்டிகளில் மைனஸ் ஐந்து வோல்ட் கிடைப்பது அரிது. சீரியல் போர்ட்டுக்கு அது வேண்டும். பழைய சப்ளையிலேயே ரீஃபாவையும் காய்ந்த கண்டென்சர்களையும் மாற்றினால் இன்னும் பல வருஷம் ஓடும். எக்ஸ்2 கண்டென்சர் உள்ளூரில் கிடைக்கவில்லை. சென்னைக்குப் போகும் ஒருவரிடம் ரிச்சி தெருவில் வாங்கிவரச் சொல்லி, மதிப்பும் கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.